முதலில் சோறு, பிறகு பேச்சு

சாப்பிட மறுத்து நாளுக்கு நாள் மெலிந்துபோகும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் எழும் கேள்வி, ஏன் இப்படி என்பதுதான். பள்ளியில் யாராவது கேலி செய்தார்களா, வீட்டில் ஏதும் பிரச்சினையா, சினிமா நடிகைகளையும் இன்ஸ்டாகிராம் படங்களையும் பார்த்து வந்த ஆசையா என்று காரணம் தேடத் தொடங்குகிறோம். மனத்தில் விழுந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டால் சோறு தானாக இறங்கும் என்று நம்புகிறோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மனநல மருத்துவமும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தது. ஆனால் அனோரெக்ஸியா நெர்வோசா எனப்படும் இந்த நோய்க்கான உளச் சிகிச்சைகளைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, அந்த வரிசை தலைகீழானது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. சாப்பிட வைப்பதுதான் உளச் சிகிச்சையின் முதல் பகுதி. காரணங்களைப் பற்றிய பேச்சு, உடம்பில் ஓரளவு தெம்பு வந்த பிறகுதான் பலன் தருகிறது. இந்த வரிசையில் பிழை நேர்ந்தால் அதற்கான விலை மிக அதிகம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-ல் வெளியான கணக்கின்படி, அனோரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் எதிர்பார்க்கத்தக்கதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. அப்படி இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறந்தவர்.

நோய்க்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். அவர் தம் நோயாளிகளைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் பேசிய 1873-ஆம் ஆண்டிலேயே, பாரிஸில் சார்ல் லசேக் அதே நிலையைத் தனியாக விவரித்து எழுதினார். லண்டன் மருத்துவரின் சிகிச்சை சுருக்கமானது: நோயாளியின் விருப்பத்துக்குக் காத்திருக்காமல் குறித்த நேரத்துக்கு உணவு கொடுக்க வேண்டும். இதைச் செய்விக்க உறவினர்கள் சற்றும் ஏற்றவர்கள் அல்லர் என்பதும் அவர் கருத்து. பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ ஒரு படி மேலே போய், பெண்ணைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதையே சிகிச்சையின் முதல் நிபந்தனையாக்கினார். இவர்கள் சொன்ன இரண்டில் ஒன்று சரி, மற்றது தவறு. அடுத்த நூறாண்டு மருத்துவம் சரியானதை மங்கவிட்டு, தவறானதை ஊட்டி வளர்த்தது என்பது என் கணிப்பு. மருத்துவமனைகளில் பெண்கள் தனி அறைகளில் படுக்க வைக்கப்பட்டார்கள். எடை ஏறினால்தான் தாயைப் பார்க்கலாம், கடிதம் எழுதலாம் என்ற விதிகள் வந்தன. கோட்பாட்டாளர்கள் குடும்பத்தையே நோயின் ஊற்றாகப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டே புருக், மகளின் தேவைகளை அவள் உணரும் முன்பே தீர்த்துவைக்கும் தாயையும், தனக்கென்று ஒரு சுயம் வேண்டித் தன் உடம்பையே போர்க்களமாக்கும் மகளையும் பற்றி எழுதினார். பிலடெல்பியாவில் சால்வடோர் மினுச்சின், ஒருவரோடு ஒருவர் அளவுமீறிப் பின்னிக்கிடக்கும், சச்சரவை வெளியே காட்டாமல் விழுங்கும் குடும்பங்களில் இந்நோய் தோன்றுவதாக 1978-ல் விளக்கினார். பின்னாளில் பல குடும்பங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, அனோரெக்ஸியாவுக்கே உரிய குடும்ப வகை என்று ஒன்று அகப்படவில்லை. மகளோ மகனோ பட்டினியால் உருகுவதைப் பார்க்கும் எந்தக் குடும்பமும் பதறும், இறுகும், சண்டையை ஒத்திப்போடும். நோயின் விளைவாக இருந்திருக்கக்கூடியதை நோயின் காரணமாக எழுதிவைத்து, ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மீது பழி சுமத்தியது மனநல மருத்துவத்தின் வரலாற்றில் வருத்தத்துக்குரிய பகுதி.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, இந்நோயோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஐரோப்பாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிவதற்காக, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலிலும் மனத்திலும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதி மட்டுமே தரப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. எடையோடு குணமும் மாறியது. சமையல் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், ஒரு தட்டு உணவைத் துண்டு துண்டாக நறுக்கி மணிக்கணக்கில் தின்றார்கள். நண்பர்களிடமிருந்து விலகினார்கள், சிரிப்பும் காமமும் அற்றுப்போயின, எரிச்சலும் சோர்வும் கூடின. எண்ணம் முழுக்கச் சாப்பாட்டைச் சுற்றியே ஓடியது. அனோரெக்ஸியா நோயாளியின் அலாதியான குணங்கள் என்று மனநல மருத்துவர்கள் குறித்துவைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல், அழகைப் பற்றியோ தாயைப் பற்றியோ எந்தக் கவலையும் இல்லாத இந்த ஆண்களிடம் ஆறே மாதத்தில் தோன்றிவிட்டன. அப்படியானால், பட்டினியில் இருக்கும் ஒரு பெண்ணின் பேச்சிலிருந்து அவள் இயல்பையும் குடும்பத்தையும் ஊகிப்பது, கடுங்காய்ச்சலில் பிதற்றுகிறவரின் சொற்களைக் கொண்டு அவர் குணத்தை எடைபோடுவதற்கு ஒப்பானது. பட்டினியின் கடுமையான கட்டம் தீராமல் மனத்தைப் பற்றிய சரியான சித்திரம் கிடைக்காது என்பதைப் புருக்கே கண்டு எழுதியிருக்கிறார். அவரைப் பின்பற்றியவர்கள் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டார்கள் போலும். இன்றைய மூளைப் படங்களும் இதையே சொல்கின்றன. பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைந்த நிலையில் மூளையின் சாம்பல்நிறப் பகுதி பெரிய அளவில் மெலிந்திருந்தது. ஓரளவு எடை மீண்டவர்களிடம் அந்த மெலிவு தெளிவாகக் குறைந்திருந்தது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மின்னசோட்டா இளைஞர்கள் சோறு கிடைத்ததும் பாய்ந்து சாப்பிட்டார்கள். அனோரெக்ஸியா உள்ளவர் எதிரில் உணவு இருந்தும் மறுக்கிறார். பட்டினியே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றால், டயட் இருக்கும் கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் இந்நோய் வருவது ஏன்? உண்மைதான், பட்டினி நோயைத் தொடங்கிவைப்பதைவிட, தொடங்கியதை நிலைநிறுத்துவதையே நன்றாக விளக்குகிறது. தொடக்கத்துக்கு மரபணுவிலும் ஒரு பங்கு இருக்கிறது. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டது. அந்தத் தொடர்பு மனநோய்களோடு நின்றுவிடாமல் உடலின் வளர்சிதை மாற்றம் வரை நீண்டிருந்தது. சிலருக்குப் பட்டினி வேதனையைத் தருவதற்குப் பதிலாகப் பதற்றத்தைத் தணிக்கிறது. அந்தத் தணிவு பரிசாகிறது, பரிசு பழக்கமாகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் காட்டியது இதைத்தான்: எந்த உணவைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போது இந்நோயாளிகளிடம், வேரூன்றிய பழக்கங்களை இயக்கும் மூளைப்பகுதி கூடுதலாகப் பங்கேற்கிறது. பழக்கமாகிவிட்ட ஒன்றை விளக்கத்தால் மட்டும் கலைக்க முடியாது. தன் பழக்கம் தனக்குக் கேடு என்று தெரிந்தும் விட முடியாதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே மறுப்பு சரியாக இருந்தாலும், அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ஒவ்வொரு வேளையும் தவிர்க்கப்படும் சாப்பாடு அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு நாள் பயிற்சி. காரணம் புரியும்வரை காத்திருப்பது அந்தப் பயிற்சியை நீட்டிப்பதாகும்.

இந்த எண்ணத்தை முறையான சோதனைக்கு உட்படுத்தியவர்கள் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ஜெரால்ட் ரஸ்ஸலும் அவர் சகாக்களும். மருத்துவமனையில் எடை மீட்கப்பட்ட 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குத் தனி உளச் சிகிச்சையும் மறு சாராருக்குக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையும் ஓராண்டு கொடுத்தார்கள். 1987-ல் வந்த முடிவில் ஒரு பிரிவினர் மட்டும் தனித்துத் தெரிந்தார்கள். 19 வயதுக்கு முன்பே நோய் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் குடும்பச் சிகிச்சை மிகத் தெளிவாக வென்றது. அவர்கள் 21 பேர்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை நம்பிப் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் வேறுபாடு நீடித்தது. பிறகு அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் ஆகியோர் இம்முறையைக் கையேடாக வகுத்து, 121 வளரிளம் பருவத்தினரிடம் சோதித்தார்கள். 2010-ல் வந்த அந்த முடிவின்படி, சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் முழுமையாக நலம் பெற்றிருந்தவர்கள் குடும்பச் சிகிச்சைப் பிரிவில் 49 விழுக்காடு. தனி உளச் சிகிச்சைப் பிரிவில் 23 விழுக்காடு. நூறாண்டுகளாக அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெற்றோர், உள்ளே அழைக்கப்பட்டபோது சிகிச்சையின் பலன் இரண்டு மடங்கானது.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பெயரை மட்டும் கேட்டால் குடும்பத்தின் குறைகளைத் தோண்டும் கூட்டம் என்று தோன்றும். முதல் சந்திப்பில் சிகிச்சையாளர் இரண்டு விஷயங்களைச் செய்கிறார். நிலைமையின் ஆபத்தை மறைக்காமல் சொல்கிறார். அதே மூச்சில், இது யாருடைய குற்றமும் இல்லை என்றும் சொல்கிறார். காரணம் என்ன என்ற கேள்வியை வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிறார். நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பேசப் பழக்குகிறார்: தட்டைத் தள்ளுவது மகள் அல்ல, மகளைப் பிடித்திருக்கும் நோய். இரண்டாம் சந்திப்புக்குக் குடும்பம் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறது. மெலிந்துபோன தங்கள் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று பெற்றோர் நினைக்கிறார்களோ அவ்வளவு. அங்கேயே எல்லோரும் சாப்பிடுகிறார்கள். பிள்ளை நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு வாய் சாப்பிட வைக்க, திட்டாமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல் எப்படி உறுதியாக நிற்பது என்று சிகிச்சையாளர் பெற்றோருக்குச் சொல்லித் தருகிறார். அண்ணன் தம்பிகளுக்குக் காவல் வேலை கிடையாது. சாப்பாடு முடிந்தபின் பக்கத்தில் இருந்து ஆறுதலாகப் பேசுவதே அவர்கள் பங்கு. அடுத்த சில மாதங்களுக்கு என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். மூன்று வேளையும் இடைப்பட்ட தீனியும் அவர்கள் கண்முன் நடக்கின்றன. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் உணவு திடீரென ஏறும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால், தொடக்க நாட்களில் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம். எடை சீராக ஏறிய பிறகு பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையின் கைக்கே திரும்புகிறது. படிப்பு, நட்பு, உடல் மாற்றங்கள், வீட்டாரோடு உள்ள கருத்து வேறுபாடுகள் எல்லாம் மூன்றாவது கட்டத்தில்தான் பேசப்படுகின்றன. முதல் நான்கு வாரங்களில் சுமார் இரண்டு கிலோ கூடிவிட்டால் கடைசியில் நலம் பெறும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மனத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கப்படாத வாரங்கள் அவை.

இது வன்முறை இல்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து வயதில் சுதந்திரத்தை நாடும் ஒருத்தியிடமிருந்து, தன் தட்டின் மீதுள்ள உரிமையைக்கூடப் பறிப்பது நியாயமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பட்டினியில் இருப்பவரின் மறுப்பு முழுச் சுதந்திரத்தோடு எடுத்த முடிவுதானா என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மின்னசோட்டாவின் பாடம் இங்கே மறுபடி பொருந்துகிறது. மேலும் இந்தப் பறிப்பு தற்காலிகமானது, திரும்பக் கொடுப்பதற்கான நேரமும் முறையும் சிகிச்சைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. மற்றொரு மறுப்பு இன்னும் கனமானது. எல்லாக் குடும்பமும் இதற்கு ஏற்றதல்ல. வார்த்தையால் குத்தும் வீட்டில் சாப்பாட்டு மேசை தண்டனைக்கூடமாகிவிடும். ஆய்வாளர்கள் இதையும் கவனித்தார்கள். 2000-ல் ஐவன் ஐஸ்லரின் குழு வெளியிட்ட ஆய்வில், தாய் கடுமையாகக் குறைகூறும் குடும்பங்களில், பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்தித்தபோதுதான் பலன் மேலாக இருந்தது. 2016-ல் மெல்பர்னில் 107 பேரிடம் நடந்த ஆய்வில், பெற்றோரிடம் மட்டுமே பேசிப் பயிற்சி தந்த முறை, எல்லோரும் சேர்ந்து உட்காரும் முறையைவிடச் சிகிச்சை முடிவில் அதிகம் பேரை நலமாக்கியது. அடிக்கிற, கொடுமை செய்கிற வீட்டுக்கு இந்த முறை உதவாது. அங்கே வேறு ஏற்பாடுதான் வேண்டும். குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது ஐரோப்பிய மருத்துவத்துக்குப் பெரிய திருப்பமாக இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலோ, வேறு மனநோய்களுக்கு என்றாலும், குடும்பத்தார் நோயாளியோடு உடன் தங்கும் வழக்கம் 1950-களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. வீட்டு மனிதர்கள் உடன் இருக்கும் சிகிச்சை நம் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல.

காரணத்தை ஒதுக்கிவைக்கும் முறைக்கு இன்னொரு பலம் உண்டு, அது ஹாங்காங்கில் வெளிப்பட்டது. அங்கே சிங் லீயும் சகாக்களும் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993-ல் எழுதியபோது, அவர்களில் 41 பேருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசி எடுக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். அன்றைய மேலைநாட்டு விளக்கம் கொழுப்பின் மீதான பயத்தை நோயின் இதயமாக வைத்திருந்தது. அதன்படி பார்த்தால் இவர்களுக்கு அனோரெக்ஸியாவே இல்லை. உடம்போ எலும்பும் தோலுமாக இருந்தது. 2013-ல் திருத்தப்பட்ட அமெரிக்க நோய் வரையறை, பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தடுக்கும் செயல்கள் தொடர்ந்தால் போதும் என்று கதவை அகலமாக்கியது. இந்தியாவிலிருந்தும் பயத்தைச் சொல்லாத நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருக்கின்றன. அழகு பற்றிய எண்ணங்களை மாற்றுவதையே மையமாகக் கொண்ட சிகிச்சைக்கு, அப்படி எண்ணாத பெண்ணிடம் பிடிமானம் கிடைக்காது. விரதம் என்று சொல்லித் தட்டைத் தள்ளினாலும், வயிற்றுவலி என்று தள்ளினாலும், குண்டாகிவிடுவேன் என்று தள்ளினாலும், பட்டினி உடம்பிலும் மூளையிலும் செய்வது ஒன்றே. சாப்பாட்டிலிருந்து தொடங்கும் சிகிச்சைக்கு அந்த வேறுபாடு தடையில்லை.

பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது என் வாதம் கடினமான நிலத்தில் நடக்கிறது. முப்பது வயதுக்காரருக்கு ஊட்டிவிடப் பெற்றோரை அழைக்க முடியாது; அவர் பல ஆண்டுகளாக நோயோடு வாழ்ந்திருப்பார். இவர்களுக்கென்று ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், லண்டனில் உல்ரிகே ஷ்மிட், ஜேனட் டிரஷர் ஆகியோர் உருவாக்கிய மான்ட்ரா என்ற முறையும், ஜெர்மனியில் உள்மன மோதல்களை ஆராயும் சிகிச்சையும் இருக்கின்றன. ஜெர்மனியில் 242 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், மூன்று வகைச் சிகிச்சைகளில் எதைப் பெற்றவர்களுக்கும் எடை ஏறியது. எதுவும் மற்றதை வெல்லவில்லை. இதைவிட வியப்பானது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2005-ல் கிடைத்த முடிவு. இரண்டு தனித்தன்மையான உளச் சிகிச்சைகளோடு ஒப்பிடுவதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட மூன்றாவது முறை ஒன்று இருந்தது. உணவையும் எடையையும் கவனித்துக்கொண்டே பரிவோடு பேசுவது, அவ்வளவுதான். சிகிச்சையின் முடிவில் முன்னே நின்றது அதுதான். கோட்பாடுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டும் பலன்கள் நெருங்கியிருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சத்தில்தான் வேலை நடக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானவை, ஒழுங்காகச் சாப்பிட வைப்பதும் நம்பத்தக்க ஒருவர் அருகில் இருப்பதும்.

அப்படியென்றால் உளவியலாளருக்குப் பதில் ஒரு உணவு ஆலோசகர் போதுமா? போதாது, அதற்கும் சான்று இருக்கிறது. மருத்துவமனையில் எடை மீட்கப்பட்டு வீடு திரும்பிய 33 பெரியவர்களில் ஒரு சாராருக்கு அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் மறு சாராருக்கு உணவு ஆலோசனையும் தந்து ஓராண்டு தொடர்ந்த அமெரிக்க ஆய்வு 2003-ல் வெளிவந்தது. உணவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. உளச் சிகிச்சை பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்குத்தான் திரும்பியது. எடை ஏறிய நாளில் மனம் ஆறிவிடுவதில்லை. மின்னசோட்டா இளைஞர்களுக்கே வயிறார உண்ணத் தொடங்கிய பிறகும் சோர்வும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடித்தன. சிலருக்குக் கூடவும் செய்தன. பசியை மறந்து பழகிய ஒருவர் மறுபடி பசியை உணர்வதும், மாறிய உடம்போடு வெளியே நடமாடுவதும், பதற்றத்தைத் தணிக்கப் பட்டினியைத் தவிர வேறு வழி கற்பதும் பேச்சாலும் பயிற்சியாலும்தான் முடியும். மாத்திரைகளால் இதுவரை பெரிதாக எதுவும் ஆகவில்லை. எடை மீண்ட 93 பேரிடம் சோதிக்கப்பட்ட ஃபுளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து, நோய் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று 2006-ல் தெரிந்தது. எனவே உளச் சிகிச்சையின் இடம் குறையவில்லை, அதன் நேரம் மாறியிருக்கிறது.

2010 ஆய்வின் குடும்பச் சிகிச்சைப் பிரிவிலும் பாதிப் பேர் முழு நலம் பெறவில்லை என்பதை நினைவில் வைத்தே இதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் அந்த மீதிப் பாதியைக் கைவிட வேண்டியவர்களாகப் பார்ப்பதற்குச் சான்று இல்லை. அண்மைக் காலத்தில் மேலைநாட்டு மருத்துவ இதழ்களில், நெடுநாள் நோயாளிகள் சிலரை இனி மீளாதவர்கள் என்று வகைப்படுத்தி, சிகிச்சையை நிறுத்தி ஆறுதல் மட்டும் தரலாமா என்ற விவாதம் நடக்கிறது. பாஸ்டனில் இந்நோயுள்ள பெண்களை 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிடப்பட்ட ஆய்வை அந்த விவாதத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவேண்டும். ஒன்பதாம் ஆண்டில் நலம் பெற்றிருந்தவர்கள் 31 விழுக்காடு. 22-ஆம் ஆண்டில் 63 விழுக்காடு. ஒன்பதாம் ஆண்டில் நோயோடு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குப் பிறகு மீண்டிருக்கிறார்கள். யார் மீள்வார், யார் மீளமாட்டார் என்று ஒன்பதாம் ஆண்டிலேயே பிரித்துச் சொல்லும் அளவுகோல் எதுவும் இன்று எந்த மருத்துவரிடமும் இல்லை.